புகழுக்கு ஓர் ஏடு, பழிக்கு ஓர் ஏடு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வட்டம் தோன்றிப் பத்தாண்டுகள் நிறைவெய்தும் இவ்வேளையில் ‘புகழ்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். புகழ் என்றவுடன் நம்மில் பலருடைய நினைவு ஒரே திசையில் செல்லும். திருக்குறளில் ஈகைக்கு அடுத்து, இல்லறவியலின் இறுதியில், அப்பெயரிலேயே ஓர் அதிகாரம் இருக்கிறது. புறத்திணையில் பாடாண் இருக்கிறது. பாடியவர்க்குப் பரிசில் வழங்கிய வள்ளல்கள் இருக்கின்றனர். அவற்றைப் பற்றிப் பேச என்னினும் தகுதி வாய்ந்தோர் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றனர். ஆகவே நான் வேறொரு வாயில் வழியாக உள்ளே வர விரும்புகிறேன். அவ்வாயில் கணிப்பொறி விளையாட்டு.

சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரிப்பதில் தவறில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நானும் அவ்வாறே சிரித்தேன். என் தங்கை மகன் இரவெல்லாம் கண்விழித்து ஆடிக்கொண்டிருந்தபோது, ‘படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?’ என்று கடிந்துகொண்டவன் நான். ஒரு நாள் அவன் பின்னால் நின்று திரையை நோக்கினேன். திரையில் யாரும் யாரையும் சுட்டுக்கொண்டிருக்கவில்லை. இரண்டு பேர் உரையாடிக்கொண்டிருந்தனர். ஒருவர் கேள்வி கேட்டார். மற்றவர் தரக்கூடிய விடைகள் நான்கு, கீழே எழுதப்பட்டிருந்தன. அவன் நெடுநேரம் ஒன்றையும் தேர்ந்தெடுக்காமல் இருந்தான். ஏனென்று கேட்டேன். ‘மாமா, எதைச் சொன்னாலும் ஒரு கூட்டத்தாருக்குப் பகையாகிவிடுவேன்’ என்றான். அன்றிரவு நானும் அவனருகில் அமர்ந்துவிட்டேன். எழுந்தபோது விடிந்திருந்தது.

பின்னர் ஆடுவதோடு நில்லாமல், அவ்வாட்டத்துக்குள் சில பகுதிகளை எழுதிச் சேர்க்கும் வேலையிலும் இறங்கினேன். அவ்வேலையில் நான் செய்த பிழையும், அப்பிழை எனக்குக் கற்பித்ததுமே இன்றைய உரையின் பொருள்.

முதலில் அவ்வேலை யாதெனச் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனம் ஓர் ஆட்டத்தை உருவாக்கி வெளியிடுகிறது. அதனை வாங்கியவர்களுள் சிலர் அதற்குள் புகுந்து புதிய ஊர்களையும் மாந்தரையும் பணிகளையும் உரையாடல்களையும் படைத்துச் சேர்க்கின்றனர். இருப்பவற்றைத் திருத்தவும் செய்கின்றனர். இவ்வாறு சேர்க்கப்படும் தொகுப்பை ‘மோட்’ என்று அவ்வுலகத்தார் அழைக்கின்றனர். நம் மொழியில் அதற்கு ஒரு பழைய சொல் உண்டு: இடைச்செருகல். ஏடு பார்த்துப் பதிப்பித்த பெரியோர் எதனைக் களைந்தெறியத் தம் கண்களைத் தேய்த்துக்கொண்டனரோ, அதனையே இவர்கள் வெளிப்படையாக, தம் செருகல் இதுவென்று அறிவித்துச் செய்கின்றனர். 2002-ஆம் ஆண்டில் பெதஸ்டா நிறுவனம் ‘மோரோவிண்ட்’ என்னும் ஆட்டத்தைக் கணிப்பொறிக்கு வெளியிட்டபோது, அவ்வுலகைக் கட்டுதற்குரிய கருவியையும் ஆட்டத்தோடு சேர்த்தே வழங்கியது. நூலை விற்கும்போதே எழுத்தாணியையும் உடன் தந்தது போன்ற செயல் அது.

இனிப் புகழுக்கு வருவோம். இவ்வாட்டங்களின் உலகில் பல தரப்புகள் உண்டு. அரசுகள், சமயக் குழுக்கள், வணிகர் கூட்டங்கள், கள்வர் கூட்டங்கள், சிற்றூர்கள் எனப் பலவகை. ஆடுபவர் ஒரு தரப்புக்கு உதவினால் அத்தரப்பில் அவர் பெயர் உயர்கிறது. தீங்கு செய்தால் தாழ்கிறது. பெயர் உயர்ந்தால் பரிசு கிட்டும். எவ்வளவு உதவிக்கு எவ்வளவு பெயர், எவ்வளவு பெயருக்கு எவ்வளவு பரிசு என்று வரையறுத்து, ஒரு தரப்பு மற்றதை விழுங்கிவிடாமல் காப்பதையே அவ்வுலகத்தார் ‘சமன் செய்தல்’ என்கின்றனர். கேட்பதற்குக் கணக்குப்பிள்ளையின் வேலை போலத் தோன்றும். உள்ளே இறங்கிப் பார்த்தால், புகழ் என்பது என்ன என்னும் கேள்விக்கு விடை தராமல் அக்கணக்கை ஒருவராலும் எழுத முடியாது. மூன்று ஆட்டங்கள் அதற்கு மூன்று விடைகள் தந்துள்ளன.

முதல் விடை, புகழ் என்பது உழைத்துச் சேர்க்கும் பொருள் என்பது. 2004-இல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டத்தில் நடுநிலையில் நிற்கும் ஒருவர் ஒரு தரப்பின் மிக உயர்ந்த மதிப்பை எய்த நான்கு படிகள் ஏற வேண்டும். முதற்படிக்கு 3,000 புள்ளிகள், அடுத்ததற்கு 6,000, அதற்கடுத்து 12,000, இறுதிப் படிக்கு 21,000. ஆக 42,000. ஒரே வேலையை நாள்தோறும் செய்தும் அதனைச் சேர்க்கலாம். அங்கே புகழ் உண்டியலில் விழும் காசு. ஆனால் அவ்வாட்டமும் ஓரிடத்தில் இக்கணக்கின் வெறுமையை உணர்ந்தது போலும். 2007-இல் வெளிவந்த அதன் முதல் விரிவாக்கத்தில், ஒரே நகரில் வாழும் ஆல்டார், ஸ்கிரையர் என்னும் இரு குழுக்களை வைத்தனர். ஒன்றில் நூறு ஏறினால் மற்றதில் நூற்றுப்பத்து இறங்கும். எனவே இருவரிடத்தும் ஒருசேர நல்லவராக இருக்க ஒருவராலும் இயலாது.

இரண்டாம் விடை, புகழ் என்பது தகுதிக்குக் கிடைக்கும் இடம் என்பது. மோரோவிண்டில் ஒரு குழுவின் பணிகளை முடித்துவிட்டால் மட்டும் பதவி உயராது. அக்குழு மதிக்கும் கலைகளில் குறித்த அளவு தேர்ச்சியும் வேண்டும். மந்திரவாதிகளின் சங்கத்தில் மந்திரம் பழகாதவன் மேலே போக முடியாது. அங்குள்ள மூன்று பெருங்குடிகளுள் ஒன்றில் சேர்ந்தவனை மற்ற இரண்டும் ஏற்கமாட்டா. போர்வீரர் சங்கம் தரும் ஒரு பணி கள்வர் சங்கத்தாரின் இரகசியக் குறிப்பேட்டைப் பறித்துவரச் சொல்லும். இரு சங்கத்திலும் உறுப்பினனாக இருப்பவன் அந்த இடத்தில் திகைத்து நிற்பான்.

மூன்றாம் விடையைத் தந்த ஆட்டத்திலேயே நான் என் இடைச்செருகலைச் செய்தேன். அது ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’. அப்சிடியன் நிறுவனம் உருவாக்க, 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. அணுகுண்டுப் போரால் அழிந்த அமெரிக்காவின் மொஹாவிப் பாலைநிலம் அதன் களம். கொலராடோ ஆற்றின் குறுக்கேயுள்ள ஹூவர் அணையைக் கைப்பற்ற இரு பேரணிகள் காத்திருக்கின்றன. மேற்கே புதிய கலிபோர்னியக் குடியரசு. தேர்தலும் வரியும் படையும் அலுவலகத் தாமதமும் உடையது. கிழக்கே சீசரின் படையணி. பழைய உரோமப் பேரரசைப் போலி செய்து, வென்ற குடிகளை அடிமையாக்கி வாழ்வது. இவ்விரண்டுக்கும் இடையில் வேகாஸ் நகரும் பல சிற்றூர்களும். ஆடுபவர் ஓர் அஞ்சற்காரர். சுடப்பட்டுப் புதைகுழியில் இடப்பட்டு, மீட்கப்பட்டு, குட்ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் கண் விழிப்பவர்.

இவ்வாட்டத்தின் கணக்கு முறையை நான் முதன்முதலாக அறிந்தபோது வியந்துபோனேன். ஒவ்வொரு தரப்பும் ஆடுபவரைக் குறித்து இரண்டு ஏடுகள் வைத்திருக்கிறது. ஒன்றில் புகழ், மற்றொன்றில் பழி. நன்மை செய்தால் முதல் ஏட்டில் ஏறும். தீமை செய்தால் இரண்டாம் ஏட்டில் ஏறும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பதில்லை. ஓர் ஊரைக் கள்வரிடமிருந்து காத்துவிட்டு, பின்னர் அவ்வூரான் ஒருவனைக் கொன்றால், செய்த நன்மை அழிவதில்லை. செய்த கொலையும் மறைவதில்லை. இரண்டும் அருகருகே நிற்கும். ஊரார் இரண்டையும் சேர்த்துப் பார்த்து உங்களுக்கு ஒரு பெயர் சூட்டுவர்.

கவிஞர்கள் இப்பெயர்களைக் கேட்க வேண்டும். புகழ் மிக்குப் பழி இல்லாதவனை வழிபடுவர். பழி மிக்குப் புகழ் இல்லாதவனை வெறுத்து ஒதுக்குவர். இவை எளியவை. இடையில் உள்ள கலப்புப் பெயர்களே சுவையானவை. ‘நல்லியல்புடைய போக்கிரி’, ‘இளகிய மனத்துச் சாத்தான்’, ‘இருண்ட நாயகன்’ என்று பொருள்படும் பெயர்கள் உண்டு. இரண்டு ஏடுகளும் உச்சத்தைத் தொட்டவனுக்கு ‘அடங்காப் பிள்ளை’ என்று பொருள்படும் பெயர். கூட்டிக் கழித்து ஒரே எண்ணாக்கியிருந்தால் இவர்கள் அனைவரும் சுழியத்தில் நின்றிருப்பார்கள். ஊருக்கு ஒன்றுமே செய்யாத வழிப்போக்கனும் அதே சுழியத்தில்தான் நிற்பான். கொடையும் கொலையும் செய்தவனையும் இரண்டும் செய்யாதவனையும் ஒன்றாக்குவது எவ்வளவு பெரிய பொய்!

இன்னொரு நுட்பமும் அதில் உண்டு. ஒரு செயலுக்கு எவ்வளவு பெயர் என்பதற்கு ஐந்தே அளவுகள்: 1, 2, 4, 7, 12. இடைப்பட்ட எண்கள் இல்லை. மிகச் சிறிய செயல், சிறியது, நடுத்தரம், பெரியது, மிகப் பெரியது. எழுதுபவன் ஒவ்வொரு செயலின் முன்னும் நின்று, இது எத்தகையது என்று தீர்ப்பளிக்க வேண்டும். சிற்றூருக்கு ஏணி குட்டை. பேரணிக்கு ஏணி உயரம். குட்ஸ்பிரிங்ஸில் ஒளிந்திருக்கும் வணிகனைத் தேடிவரும் கொள்ளையரை ஊராரோடு சேர்ந்து எதிர்த்தால், அந்த ஒரு நாளிலேயே அவ்வூர் உங்களைத் தன் பிள்ளையாகக் கொண்டாடும். அதே அளவு வீரத்தைக் குடியரசுக்குக் காட்டினால் ஓர் அதிகாரி நன்றி சொல்வார், அவ்வளவே. உலகியல்பும் அதுதானே?

எனினும் இவ்வாட்டத்தில் ஒரு குறை இருந்தது. ஆடியவர் பலரும் அதைச் சுட்டியிருக்கின்றனர். குடியரசின் பக்கம் நிற்பவர்க்குச் செய்யப் பல பணிகள், போய்வரப் பல முகாம்கள், பேசப் பல மாந்தர். சீசரின் பக்கம் நிற்பவர்க்கு அவை மிகக் குறைவு. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட ஆட்டம் அது. கிழக்குக் கரை நிலத்தை விரிவாகக் காட்ட நேரமில்லாமற் போயிற்று. நானும் தங்கை மகனும் அக்குறையை நிரப்ப எண்ணினோம். சீசரின் தரப்புக்கு ஆறு சிறு பணிகள் எழுதினோம்.

இங்கேதான் என் பிழை தொடங்கியது. சமன் செய்வதென்றால் இரு தட்டிலும் ஒரே எடை வைப்பது என்று நான் எண்ணினேன். குடியரசின் பக்கம் பணி மிகுதி. ஆகவே சீசரின் பக்கம் பரிசு மிகுதியாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஆறு பணிகளுக்கும் ஆறு பன்னிரண்டுகள், எழுபத்திரண்டு. ஒவ்வொரு பணியின் முடிவிலும் ஒரு பெட்டி. அதில் எங்கும் கிடைக்காத படைக்கலம் ஒன்று. பெட்டிகளுள் ஒன்றைக் காட்டன்வுட் கோவ் என்னும் ஆற்றங்கரை முகாமில் வைத்தேன்.

அம்முகாமைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். அங்கே கம்பி வேலியிட்ட ஓர் அடைப்பு உண்டு. அதனுள் கழுத்தில் வெடிவளையம் பூட்டப்பட்ட ஒரு தாயும் அவள் பிள்ளைகள் இருவரும் அடிமைகளாக நிற்கின்றனர். அக்குடும்பத்தின் தந்தை தான் மட்டும் தப்பி ஓடி, நெடுந்தொலைவில் குற்றவுணர்வோடு குடித்துக்கொண்டிருக்கிறான். மூல ஆட்டத்தை எழுதியவர்கள் அம்மூவரையும் சும்மா அங்கே நிறுத்தவில்லை. சீசரின் முகாமுக்கு வருகிற எவனும் அவர்களைப் பார்த்துவிட்டே செல்ல வேண்டும் என்று நிறுத்தினர்.

எங்கள் சேர்க்கையை ஆடிப்பார்க்க மூவரிடம் தந்தோம். அருகில் அமர்ந்து கவனித்தேன். மூவருமே சீசரின் தரப்பைத் தேர்ந்தனர். ஏனென்று கேட்டதற்கு, அங்கேதான் பரிசு நல்லது என்றனர். முகாமுக்குள் வந்தனர், நேரே பெட்டிக்குச் சென்றனர், படைக்கலத்தை எடுத்துக்கொண்டு திரும்பினர். வேலிக்குள் நின்ற பிள்ளைகள் பக்கம் மூவருள் இருவர் முகம் திருப்பவே இல்லை. மூல ஆசிரியர் காட்டிய காட்சியை என் பெட்டி மறைத்துவிட்டது. எடை என்னவோ சமமாகத்தான் இருந்தது. ஆனால் எதற்கும் எதற்கும் இடையில் ஒருவர் தேர்ந்தெடுக்கிறார் என்பதே இல்லாமற் போயிற்று. அடிமை வணிகத்துக்கும் குடியாட்சிக்கும் இடையிலான தேர்வை இரண்டு துப்பாக்கிகளுக்கு இடையிலான தேர்வாக நான் ஆக்கியிருந்தேன்.

முகம் திருப்பிய மூன்றாமவர் என் அண்ணன் மகள். அவள் பெண் வேடத்தில் ஆடினாள். சீசரின் தரப்பில் பெண்கள் போரிடுவதில்லை. கோட்டையிலுள்ள மல்லரங்கிலும் பெண்ணுக்கு இடமில்லை. எழுபத்திரண்டு புள்ளிகளையும் ஈட்டிய பின் அவள் அம்மல்லரங்குக்குச் சென்றாள். மறுத்தனர். அவள் என்னை நோக்கி, ‘சித்தப்பா, இவ்வளவு புகழ் பெற்ற பிறகும் என்னை உள்ளே விடமாட்டேன் என்கிறார்களே, அப்படியானால் இது யாருடைய புகழ்?’ என்று கேட்டாள்.

என்னிடம் விடை இல்லை. ஒரு வாரம் அவ்வேலையைத் தொடவில்லை.

பின்னர் மூல ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து ஆடினேன். இம்முறை ஒவ்வொரு தரப்பும் தன்னை விரும்புகிறவனுக்கு எதைத் தருகிறது என்று குறித்துக்கொண்டே ஆடினேன். சீசரின் தரப்பு தன் வெள்ளி நாணயத்தையும் பொன் நாணயத்தையும் தருகிறது. குடியரசு தன் காகித நோட்டைத் தருகிறது. அந்நோட்டின் மதிப்பு விழுந்துகிடக்கிறது என்பதும் கதையின் பகுதி. குடியரசு, இடுக்கண் வந்தபோது துணைக்கு ஆள் அழைக்க ஒரு வானொலிக் கருவி தருகிறது. இரு தரப்புமே தலைசாய்க்க ஒரு மறைவிடம் தருகின்றன. பழி மிகுந்தால் இரண்டுமே கொலைக்குழுவை ஏவுகின்றன. கிழக்கிலிருந்து வரும் வணிகன் ஒருவன், சீசரின் நிலத்தில் வழிப்பறி இல்லை, பாதைகள் பாதுகாப்பானவை என்று பாராட்டுகிறான். அதுவும் உண்மை, வேலிக்குள் நிற்கும் தாயும் உண்மை. அப்பாதையின் பாதுகாப்புக்கு விலை கொடுப்பவள் அவள்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. ஒரு தரப்பு தரும் பரிசு அத்தரப்பால் மட்டுமே தரக்கூடியதாக இருக்க வேண்டும். எங்கும் செல்லும் பொதுப் பொருளைத் தந்தால், ஆடுபவன் தரப்பை மறந்து பொருளை எண்ணத் தொடங்கிவிடுவான்.

எங்கள் சேர்க்கையைத் திருத்தி எழுதினோம். பெட்டிகளையும் படைக்கலங்களையும் நீக்கினோம். ஆறு பன்னிரண்டுகளைக் கலைத்து, ஒரு பன்னிரண்டு, இரண்டு நான்குகள், மற்றவை இரண்டும் ஒன்றும் என்று வைத்தோம். மிகச் சிறிய அளவை எழுதும்போதுதான் கை அதிகம் தயங்கியது. ஏனெனில் ஒன்று என்று எழுதுவதற்கு அச்செயலை உண்மையாக எடைபோட வேண்டியிருந்தது. சீசரின் தரப்பில் ஒருவன் பெயர் உயர உயர, காவலர் எழுந்து நின்று வழிவிடுவர். பாதையில் எவரும் அவனை மறிக்கமாட்டார். அதுவே பரிசு. அதே நேரத்தில், அவன் வேலியருகே வரும்போது அதுவரை பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுத் தாயின் பின்னால் ஒதுங்குவர். அதற்குப் புள்ளியில்லை, ஏட்டில் பதிவும் இல்லை. பெண் வேடத்தில் ஆடுவோர்க்கு ஒரு காவலன் வாயிலாக ஒரு வாக்கியம் சேர்த்தோம்: ‘உன்னைப் புகழ்கிறோம், உன்னை எங்களுள் ஒருத்தி என்று சொல்லவில்லை.’ அண்ணன் மகளின் கேள்விக்கு என்னால் இயன்ற விடை அது.

மீண்டும் அதே மூவரிடம் தந்தோம். இம்முறை இருவர் குடியரசின் பக்கம் சென்றனர். ஒருவர் சீசரின் பக்கம் சென்றார். எண்ணிக்கை எனக்குப் பெரிதன்று. சீசரின் பக்கம் சென்றவர் இடையில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, ‘இந்தப் பிள்ளைகளை விடுவித்தால் எனக்குப் பழி ஏறுமா?’ என்று கேட்டார். ஏறும் என்றேன். சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘ஏறட்டும்’ என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே எங்கள் மூன்று மாத உழைப்பு தகும் என்று எனக்குத் தோன்றியது.

பரிசைக் கூட்டிச் சமன் செய்ய முயல்பவன் பெரும்பாலும் தோற்கிறான் என்பதும் எனக்குப் புலப்பட்டது. இவ்வாட்டத்தின் இயக்குநர் ஜோஷ் சாயர், ஆட்டம் வெளிவந்து ஓராண்டுக்குப் பின், 2011-இல் தாமே ஓர் இடைச்செருகலை எழுதி இலவசமாக வெளியிட்டார். அதில் அவர் செய்தவற்றுள் முக்கியமானது குறைத்தல். ஆடுபவர் ஏறக்கூடிய நிலைகளின் உச்சவரம்பை 50-இலிருந்து 35 ஆக்கினார். சுமக்கக்கூடிய எடையையும் பெருமளவு குறைத்தார். எல்லாவற்றையும் ஒருவனே பெற்றுவிட முடியும் என்னும்போது எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்க வேண்டாதபோது பெற்றதற்கும் பொருளில்லை. தம் நூலைத் தாமே சுருக்கித் திருத்திய ஆசிரியரை நாம் எவ்வளவு மதிப்போமோ, அவ்வளவு நான் அவரை மதிக்கிறேன்.

மூல ஆட்டத்தில் எனக்கு இன்றுவரை உடன்பாடில்லாத ஓரிடமும் உண்டு. கதையின் நடுவில், வேகாஸ் நகரில் ஒரு கட்டம் முடிந்ததும், குடியரசும் சீசரும் ஆடுபவர் அதுவரை ஈட்டிய பழியை மன்னித்துத் தம் ஏட்டைத் துடைத்துவிடுகின்றனர். எந்த வழியும் அடைபட்டுவிடக் கூடாது என்னும் நல்லெண்ணத்தால் செய்தது அது. காரணம் எனக்கு விளங்குகிறது. பேரரசுகள் தமக்குத் தேவையானவனை மன்னிக்கும் என்பதும் அரசியல் உண்மைதான். ஆயினும் எதையும் செய்து பார்க்கலாம், பின்னால் துடைக்கப்படும் என்று தெரிந்துகொண்டவன், அடுத்த முறை ஆடும்போது முன்பு போலத் தயங்குவதில்லை. என் தங்கை மகன் முதல் நாள் தயங்கியதைப் போல, இரண்டாம் முறை தயங்கவில்லை. மன்னிப்பு வேண்டும், ஆனால் ஏடு துடைக்கப்படாமலேயே அது தரப்பட வேண்டும் என்பது என் கருத்து.

நண்பர்களே, இலக்கிய வட்டத்தில் இதை ஏன் சொல்கிறேன் என்று இப்போது சிலர் ஊகித்திருப்பீர்கள்.

பத்தாண்டுகளாக நாமும் ஒரு கணக்கு எழுதி வருகிறோம். இம்மேடையில் நூல்களை வெளியிட்டிருக்கிறோம், அணிந்துரை எழுதியிருக்கிறோம், பொன்னாடை போர்த்தியிருக்கிறோம். அவற்றுள் எத்தனை பன்னிரண்டுகள், எத்தனை ஒன்றுகள்? நான் என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளங்கவிஞர் தம் முதல் தொகுதிக்கு என்னிடம் அணிந்துரை கேட்டார். கையெழுத்துப் படியைப் படித்தேன். ஐந்தாறு கவிதைகளில் அவருடைய குரல் இருந்தது. மற்றவற்றில் வேறு யார் யாருடைய குரலோ இருந்தது. அதைச் சொல்லியிருக்க வேண்டும். இளையவர், மனம் வாடிவிடுவார் என்று எண்ணினேன். அடுத்த மாதம் என் நூலைப் பற்றி அவர் பேச இருந்தார் என்பதும் என் நினைவில் இருந்தது. அதையும் இந்த அவையில் மறைக்க விரும்பவில்லை. பன்னிரண்டு எழுதினேன். தொகுதி வெளிவந்தது, எல்லோரும் கைதட்டினோம். அதன்பின் அவர் திருத்தி எழுதுவதை நிறுத்திவிட்டார். பிறகு எழுதுவதையே நிறுத்திவிட்டார். என் அணிந்துரைதான் காரணம் என்று சொல்லும் அளவுக்கு என்னை நான் பெரியவனாக எண்ணவில்லை. ஆயினும் அந்த ஐந்தாறு கவிதைகள் எவையென்று அவருக்குச் சொல்லாமல் விட்டது என் பழியேட்டில் இருக்கிறது. அதைக் கழிக்க என் புகழேட்டில் எதுவும் இல்லை.

நாம் ஒரே ஏடு வைத்திருக்கிறோம். அதில் புகழ் மட்டுமே எழுதுகிறோம். குறையைத் தேநீர்க்கடையில் சொல்லிக்கொள்கிறோம். ஆகவே நம் வட்டத்தின் பாராட்டு, எங்கும் செல்லுபடியாகும் பொதுக்காசாகிவிட்டது. இங்கே கிடைப்பதும் வேறிடத்தில் கிடைப்பதும் ஒன்றே என்றாகிவிட்டது. நம்மால் மட்டுமே தரக்கூடிய பரிசு ஒன்று உண்டு. ஒரு கவிதையை வரிவரியாகப் படித்து, இந்தச் சொல் நிற்கிறது, இந்தச் சொல் நிற்கவில்லை என்று நேர்முகமாகச் சொல்லும் நாற்பது பேரின் கவனம் அது. அதனை வேறெந்த மேடையும் அக்கவிஞருக்குத் தராது.

ஆகவே இப்பத்தாம் ஆண்டில் ஒரு வேண்டுகோளை அவைமுன் வைக்கிறேன். இனி நம் மாதக் கூட்டங்களின் குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் இருக்கட்டும். ஒரு நூலைப் பற்றிச் சொல்லப்பட்ட நிறையை ஒரு பத்தியிலும் குறையை மற்றதிலும், சொன்னவர் பெயரோடு எழுதுவோம். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு முடிவு எழுத வேண்டாம். அருகருகே நிற்கட்டும். ‘நல்லியல்புடைய போக்கிரி’ என்றோ ‘இளகிய மனத்துச் சாத்தான்’ என்றோ நம்முள் சிலருக்குப் பெயர் கிடைத்தாலும் கிடைக்கட்டும். அப்பெயர்கள் உயிருள்ள மனிதர்க்கு உரியவை. முதல் கூட்டத்துக்கு என் அடுத்த தொகுதியின் கையெழுத்துப் படியையே தருகிறேன்.

வேலியருகே நின்று ‘ஏறட்டும்’ என்று சொன்ன அந்த ஆட்டக்காரரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தமக்குப் பழி வரும் என்று தெரிந்தும் சரியென்று தோன்றியதைச் செய்ய அவர் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார். ஒரு கவிதையின் குறையை அதன் கவிஞரிடமே சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.